எலும்பைக் காப்பாற்றப் போய் செய்யும் தவறுகள்

சிகரெட்டும் குடியும் எலும்புக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வருபவர்களும் சரி, கையில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருபவர்களும் சரி, எங்கள் ஆரம்ப காலத்தில் நடந்த அதே தவறுகளைத் திரும்பவும் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பயந்து உட்கார்ந்துவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அறுபதைக் கடந்த ஒரு அம்மா, ஸ்கேனில் டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5-க்கும் கீழே, அதாவது எலும்பு ரொம்பவே மெலிந்துவிட்ட நிலை. "எலும்பு உடைஞ்சிடும், எதையும் தூக்காதீங்க" என்று அன்றிலிருந்து பிள்ளைகள் ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பாசம்தான், ஆனால் மாத்திரையும் நாற்காலியும் டிவியுமாகவே நாள் போயிருக்கிறது. கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்த பிறகுதான் என்னிடம் அழைத்து வந்தார்கள். அப்போது கையை ஊன்றாமல் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

எலும்பு உயிருள்ள திசு. பழையதை அரித்தெடுக்க ஒரு வகை செல்கள், புதிதாகக் கட்ட இன்னொரு வகை, இந்த வேலை வாழ்நாள் முழுக்க நடக்கிறது. எங்கே, எவ்வளவு கட்டுவது என்பதில் அந்த எலும்பின் மேல் விழும் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. விண்வெளி வீரர்களைப் பாருங்கள், நல்ல உடல்நிலையும் அளந்து கொடுக்கும் சாப்பாடும் இருந்தும், எடையற்ற நிலையில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. சுமையே இல்லாத உடம்பில் கால்சியம் மட்டும் என்ன செய்துவிடும்? அதோடு தசையும் கரைகிறது, தடுமாற்றம் வருகிறது, எதற்குப் பயந்து உட்கார்ந்தார்களோ அந்த விழுதலே வந்து சேர்கிறது.

அந்த அம்மாவுக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, அப்புறம் மெல்ல மெல்ல எடை என்றுதான் ஆரம்பித்தோம். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை, அதுவும் வேண்டும். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் தானாக ஆரம்பிக்காமல் யாராவது தெரிந்தவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

நீச்சலும் சைக்கிளும் போதும் என்று இருப்பது

இதயத்துக்கு அருமை. எலும்புக்குப் போதாது, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் சீட்டும் உங்கள் எடையைத் தாங்கிக்கொள்கின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடைப் பயிற்சி சேருங்கள்.

கால்சியத்தை ஒரே வேளையில் கொட்டுவது

உடம்பு ஒரு வேளைக்கு 500 மி.கி. வரைதான் நன்றாக உறிஞ்சும். பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மி.கி., 50 தாண்டிய பெண்களுக்கு 1200 என்பது சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்துத்தான், பலர் அத்தனையையும் மாத்திரையாகவே போடுகிறார்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள்.

ஜன்னலோர வெயில்

வைட்டமின் டி தரும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே போங்கள்.

அடர்த்தி குறைந்த பிறகும் சிட்-அப்

வேண்டாம். முதுகை வளைத்துக் குனியும்போது முள்ளெலும்புகளின் முன்பக்கம் நசுங்குகிறது.

உயரம் குறைவதை வயதின் மேல் போடுவது

முதுகெலும்பு வலியே இல்லாமலும் நசுங்கும். இளவயதில் இருந்ததைவிட 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால், முதுகுக்கு எக்ஸ்ரே தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.