ராத்திரிக்குள் காலியாகும் சிலிண்டர்: என் ஏர் பிஸ்டல் அனுபவம்

மன்னார்குடியில் வீட்டு மாடியில் 10 மீட்டர் அளந்து, காகித இலக்கு வைத்துப் பழகுகிறேன். என் கார்பன் டை ஆக்சைடு ஏர் பிஸ்டலில் போன சித்திரையில் ஒரு தொல்லை. புது 12 கிராம் சிலிண்டர் போட்டால் ராத்திரிக்குள் காலி.

வால்வு போய்விட்டது என்றே நினைத்தேன். சிலிண்டர் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை தடவியதும் அங்கேயே குமிழி வந்தது. குண்டு இல்லை, வாயு இல்லை என்று உறுதி செய்துகொண்டு கழற்றினேன். சிலிண்டர் கழுத்தில் வாயு கசியாமல் அடைக்கும் வாஷர் உப்பி, ஓரம் பிய்ந்திருந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பர் இந்த வாயுவை உறிஞ்சி உப்பும். சிலிண்டரை நாள்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தது என் தப்பு. நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொண்டது: 20 டிகிரியில் சுமார் 57 பார் இருக்கும் அழுத்தம், 31 டிகிரியில் 73 பாரைத் தாண்டும்.

கும்பகோணத்தில் தேடி, அதே அளவில் பாலியூரிதேன் வாஷர் வாங்கிப் போட்டேன். ரப்பரைவிட இதுதான் தாங்குகிறது. சிலிண்டரைப் பிடிக்கும் திருகாணியை அளவோடு இறுக்கினால் போதும். இறுக்க இறுக்க வாஷர்தான் நசுங்கும். அப்புறம், ஒவ்வொரு புதுச் சிலிண்டர் முனையிலும் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய். பழகி முடித்ததும் மிச்ச வாயுவைச் சுட்டுத் தீர்த்துக் கழற்றிவிடுகிறேன். ஐப்பசி மழை வந்துவிட்டது, இதுவரை கசிவு இல்லை.