வாங்காததை வாங்கியதாக எழுதிக் கொடுக்காதீர்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது முதுகில் இருக்கும் தழும்பை மறைக்க முடியாது. "விழுந்துட்டேன்க்கா" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான், அதனால் துருவ மாட்டேன். சிலர் அடுத்த முறை தாங்களே பேசுவார்கள். அப்படிப் பேசியவர்களோடு மஞ்சக்குப்பம் கோர்ட் வாசலில் எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறேன். நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பணம் சேர்த்து வையுங்கள், பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் சொல்ல வருவது, அடிக்கிற கணவரை விட்டு வெளியே வந்த பிறகு நாம் செய்யும் தவறுகளைப் பற்றி.

வாசலைத் தாண்டினால் வீட்டில் உரிமை போய்விடும் என்று நம்புவது

போகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. மாமனார் பெயரில் உள்ள வீடும் அதில் வரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியாகப் போய்ச் சாமான் எடுப்பது

போகாதீர்கள். பிரிந்து வந்த புதிதில்தான் ஆபத்து அதிகம்.

சமாதானப் பேச்சில் போடும் கையெழுத்து

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நான் வெளியே வந்த மூன்றாவது வாரம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் முன்கூட்டியே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். 'எனக்குச் சேர வேண்டிய நகை, சீர்வரிசை அனைத்தையும் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.' அதுவரை ஒரு டம்ளர்கூட என் கைக்கு வரவில்லை. "நகை சாயங்காலம் வந்துடும், போடும்மா" என்றார் ஒருவர். என் சித்தப்பாவும் தலையாட்டினார். போட்டேன்.

சாயங்காலம் ஒரு துணி மூட்டையும் கிரைண்டரும் வந்தன. பதினெட்டு சவரன் வரவில்லை.

பிறகு கோர்ட்டில் நகையைக் கேட்டபோது எதிர்த்தரப்பு நீட்டியது அந்தப் பத்திரத்தைத்தான். நகைக்கடை ரசீதாவது இருந்திருக்கலாம். அப்பா அதைப் பண்ருட்டி வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது பெட்டியும் நனைந்து, ரசீதும் கூழாகிவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை கல்யாண ஆல்பமும் மொய் நோட்டும். எந்தப் படத்தில் என்ன நகை கழுத்தில் இருக்கிறது, எந்த மாமா எத்தனை கிராம் மோதிரம் போட்டார் என்று வரிவரியாகக் காட்டினோம். இரண்டு வருடம் அலைந்து ஆறு சவரன் கிடைத்தது. மீதிப் பன்னிரண்டும் அந்த ஒரு கையெழுத்தோடு போனது.

போன மாதம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். பையில் ஏறக்குறைய அதே வாசகத்தோடு ஒரு பத்திரம். "நாளைக்குக் கையெழுத்துக்கா, அதோட முடிஞ்சிரும்." எனக்குக் கை நடுங்கியது. அவள் அம்மாவிடம் மொய் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, குத்துவிளக்கிலிருந்து ஆரம்பித்து ஒரு பட்டியல் எழுதினோம். நாற்பத்து மூன்று பொருள். "எல்லாம் வரட்டும், எண்ணிப் பார்த்துப் போடறேன்" என்று மறுநாள் சொல்லிவிட்டாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். ஒன்பதாம் நாள் டாட்டா ஏஸில் சாமான் வந்தது. நகையை எடை போட்டு, ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து, இரண்டு வளையல் வரவில்லை என்பதையும் எழுதிய பிறகுதான் பேனாவைத் தொட்டாள். பாத்தியதை இல்லை என்ற வரியை நீக்க வைத்தாள்.

என்னைப் போல ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் விட்டுவிட வேண்டாம். சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. சீதனத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது தொடர் குற்றம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் காலம் கடந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அவர்களுடைய உதவி எண் 15100க்கும் பேசலாம்.

பழைய செல்போன்

கூகுள் கணக்கைக் கணவர் திறந்து கொடுத்திருந்தால், நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. வேறொரு போனில் புதுக் கணக்கு தொடங்குங்கள்.

பிள்ளையைத் தூது விடுவது

"அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்காதீர்கள்.

சீக்கிரம் தேறிவிட வேண்டும் என்ற அவசரம்

வாடகை வீட்டில் முதல் நான்கு மாதம் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் தூங்கினேன். தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் ஊசி விரலில் ஏறிவிடும். அடித்த மனிதரின் நினைப்பு வந்து அழுத நாளும் உண்டு. எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதுதான் தவறு. பல வருடம் விறைத்துக் கிடந்த உடம்பு தளர நாளாகும். அப்புறம், பிரிந்த மனிதரை நினைத்து ஏங்குவதால் திரும்பிப் போக வேண்டும் என்று ஆகிவிடாது. தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போனால் 14416க்குப் பேசுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழில் பேசலாம். நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.