ஓய்வுபெற்ற ஆமிக்காரருக்கு எடை குறைக்க உதவுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டாரவளை, தியத்தலாவை, பதுளைப் பக்கம் ஆமியிலிருந்து பென்சனில் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு: மலாய்க் குடும்பத்தார், முஸ்லிம்கள், தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த சிலர். 20 வயதில் சேர்ந்தவர் 22 வருட சேவையை முடித்து வரும்போது வயது 42தான். பயிற்சி நின்றுவிடுகிறது, பசி நிற்பதில்லை. அப்புறம் எங்காவது செக்கியூரிட்டி வேலை, பன்னிரண்டு மணி நேரம் ஒரே கதிரை. சில வருடங்களில் சீனி வருத்தமும் பிரஷரும் வந்து சேர்கின்றன.

இவர்களுக்கு உதவ இப்போது இளம் பிள்ளைகள் முன்வருகிறார்கள். மனசுக்குச் சந்தோஷம். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். டீயில் சீனி, பொரித்த சாமான், சோடா பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

குளிசையைப் பார்க்காமல் சோற்றைக் குறைப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

தியத்தலாவைப் பக்கம் ஒரு மலாய் நானா, ஆமியில் கோப்ரலாக இருந்தவர். புதிதாக வந்த ஒரு தம்பி அவருக்கு உணவு அட்டவணை போட்டுக் கொடுத்தார்: இரவுச் சோறு இல்லை, ரொட்டி இல்லை, ஒரு கோப்பை சூப் மட்டும். சாதாரண ஆளாக இருந்தால் இரண்டாம் நாளே களவாக ஒரு ரொட்டி சாப்பிட்டிருப்பார். இவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்துச் செய்கிறவர். இராணுவத்தில் பழகிய உடம்பு அப்படித்தான். ஆனால் அவர் காலையும் இரவும் கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை போடுகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. தட்டு வெறுமையாக இருந்தாலும் வேலையைச் செய்யும், இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டே போகும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கிளிபென்கிளமைட் உடம்பில் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். வெறும் வயிற்றில் சாராயமும் சேர்ந்தால் ஈரல் சீனியை வெளியே விடுவதும் குறைந்துவிடும். மெட்ஃபோர்மின் மட்டும் போடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு மிக அதிகம்.

நானாவுக்கு நடுச்சாமத்தில் உடம்பு நனைந்து வேர்த்தது. கத்தினார், கையை வீசினார். பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கு அது புதிதில்லை. போர்க்காலக் கனவு வந்தால் அவர் அப்படித்தான் எழும்புவார். வழக்கம்போல ஓதி, தடவிப் படுக்கவைத்துவிட்டார். விடிந்த பிறகு எழுப்பினால் ஆள் எழும்பவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள்.

பழைய ஆமிக்காரர் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து. சீனி இறங்குவதும் கெட்ட கனவும் வெளியே ஒரே மாதிரித் தெரியும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், கோபம் எல்லாம் இரண்டிலும் உண்டு. பிரஷருக்கோ படபடப்புக்கோ அட்டெனொலோல், புரொப்பனொலோல் போடுகிறவர் என்றால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும், வேர்வை மட்டும் மிஞ்சும். ஆகவே வீட்டாரிடம் நான் சொல்வது இது: நம்முடைய குளிரில் போர்வைக்குள் ஒருவர் தொப்பலாக வேர்த்திருந்தால், அது கனவு என்று முடிவுசெய்ய முன்பு சீனியைப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்கக் கருவி இல்லை என்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கனவாகவே இருந்தாலும் ஒரு தரம் சீனித் தண்ணீர் குடித்ததால் கெடுதி வராது. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், தேவை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் பாணோ பிஸ்கட்டோ சாப்பிடட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். இந்தக் குளிசைகளால் இறங்கிய சீனி, ஏறின பிறகும் மறுபடி இறங்கும். தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காமல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

800 கலோரி சாப்பாட்டில் சீனி வருத்தம் போய்விடும் என்று சில தம்பிமார் போனில் வீடியோ காட்டுகிறார்கள். அந்த ஆய்வு உண்மையானதுதான். பிரித்தானியாவில் நடந்த டைரெக்ட் ஆய்வு, 2017இல் வெளிவந்தது. அந்த உணவு முறையில் சேர்ந்தவர்களில் 46 சதவீதமானவர்களுக்கு ஒரு வருட முடிவில் குளிசை இல்லாமலே சீனி கட்டுக்குள் இருந்தது. ஆனால் அங்கே உணவைக் குறைத்த முதல் நாளே சீனிக் குளிசைகளையும் பிரஷர் குளிசைகளையும் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். இன்சுலின் போடுகிறவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. வீடியோ இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

அதற்காக நீங்களே குளிசையை நிறுத்தச் சொல்லவும் கூடாது. கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள், குளிசைப் பையைக் கொட்டச் சொல்லுங்கள், பெயர்களை எழுதுங்கள். சாப்பாட்டில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அவருடைய சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். எடை குறையக் குறைய, அதே அளவு பிரஷர் குளிசையும் உடம்புக்கு அதிகமாகிவிடலாம். எழும்பி நிற்கும்போது தலை சுற்றும், நம் தோட்டத்துப் படிக்கட்டில் அதுவே ஆளை விழுத்தும்.

நானா இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் பயத்தில் இரவில் தட்டு நிறையச் சாப்பிடுகிறார், எடை முன்பைவிடக் கூடிவிட்டது. எங்கள் யாருடைய பேச்சையும் இப்போது கேட்பதில்லை.

மறுபடி ஓட வைப்பது

ஐம்பது வயது முழங்காலுக்கு மலை இறக்கத்தில் ஓட்டம் ஆகாது. ஏற்றத்தில் நடக்கட்டும், இறங்க பஸ் இருக்கிறது.

சமைக்கிறவர் இல்லாமல் பேசுவது

மனைவியோ மகளோ வரும்வரை அட்டவணையை எடுக்காதீர்கள்.

நோன்பு தொடங்கிய பிறகு யோசிப்பது

குளிசை நேரத்தையும் அளவையும் மாற்ற டொக்டருக்கு அவகாசம் வேண்டும். றமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

செயற்கைக் கால் போட்டவரைத் தராசில் மட்டும் நிறுத்துவது

மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே கால் போனவர், செயற்கைக் காலைக் கழற்றி நிறுத்தால் 75 கிலோ இருக்கிறார் என்று வையுங்கள். போன பகுதி உடல் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம். ஆகவே உயரத்தோடு ஒப்பிடும்போது அவரை 80 கிலோவாகக் கணக்கெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல், பருமன் உள்ளவரை “நீங்கள் அளவாகத்தான் இருக்கிறீர்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். இடுப்பு நாடா இவ்வளவு குழப்பாது: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எடை சில கிலோ குறைந்தாலே செயற்கைக் காலின் குழி தளர்ந்து, தண்டு, அதாவது மிஞ்சியிருக்கும் கால், உள்ளே இறங்கி உரசும். சீனி வருத்தக்காரருக்கு அந்தப் புண் தெரியாமலே வளரும், ஆறவும் சுணங்கும். அதனால் எடை குறையத் தொடங்கியதும் தினமும் இரவில் தண்டைக் கண்ணாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் சிவந்திருந்தால் அன்றிலிருந்து செயற்கைக் காலைப் போடாமல், குழியைச் சரிசெய்யக் கால் செய்து கொடுத்த இடத்துக்குப் போகட்டும்.