நகை திருடு போறதுக்கு முன்னாடியே செஞ்சு வைக்க வேண்டிய வேலை

திருட்டு நகை பெரும்பாலும் நேரா அடகுக் கடைக்கோ உருக்குற இடத்துக்கோதான் போகும், உருக்கிட்டா போச்சு, ஆனா அடகுல இருந்தா போலீஸ் மீட்க முடியும், அப்போ அது உங்களுதுன்னு நீங்க காட்டணும், அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. எங்க அத்தையோட ரெண்டு பவுன் செயினை ஸ்டேஷன்ல மேஜை மேல இன்னும் நாலஞ்சு செயினோட பரப்பி வெச்சிருந்தாங்க, எல்லாமே ஒரே மாதிரி. கொக்கி அறுந்து ஆசாரிகிட்ட பத்த வெச்ச இடத்துல சின்னதா ஒரு மேடு இருக்கும், அதை விரலால தடவிப் பார்த்துதான் கண்டுபிடிச்சாங்க.

அதனால இன்னைக்கே ஒவ்வொரு நகையையும் கிட்ட வெச்சு போட்டோ எடுங்க, கொக்கி, திருகாணி, கல்லு விழுந்த இடம், பத்த வெச்ச தடம் எல்லாம் தெரியணும். எடை எழுதி வைங்க. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கின ஹால்மார்க் நகைன்னா எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி நம்பர் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா பொறிக்கிற அடையாள எண்) இருக்கும், அதையும் குறிச்சுக்கங்க. பில்லை நகையோடவே பீரோவுல வைக்காதீங்க, ரெண்டும் சேர்ந்தே போயிடும்!

திருடு போனா சிஎஸ்ஆர் (புகார் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) மட்டும் வாங்கிட்டு வராம, வழக்குப் பதிவு பண்ற எஃப்ஐஆர் போடச் சொல்லுங்க, மீட்ட நகையை கோர்ட்டுல மனு போட்டுத்தான் வாங்கணும், அப்போ இந்த போட்டோவும் பில்லும்தான் கை கொடுக்கும்.

இன்னொண்ணு, அதிகம் பழக்கமில்லாத யாராவது "உன் பேர்ல அடகு வெச்சுக் குடு"ன்னு நகையை நீட்டினா தயவுசெஞ்சு செய்யாதீங்க, ரசீதுல இருக்குறது உங்க பேரு, போலீஸ் முதல்ல வர்றது உங்க வீட்டுக்குத்தான்.