திட்ட அறிக்கைக்கு 30 நாளுக்குள் கருத்து எழுதிக் கொடுப்பது எப்படி? திருகோணமலைக் கரையோர ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்சாரம், மீன்பிடி, சுற்றுலா, கனிமம் என்று எந்தத் துறைக்குக் கொழும்பில் கொள்கை வகுத்தாலும், மூதூருக்கோ குச்சவெளிக்கோ அது வந்து சேர்வது ஒரு திட்டமாகத்தான். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, பொதுமக்கள் கருத்துச் சொல்ல இடம் வைத்ததும் அந்தக் கட்டத்தில்தான். திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தல் வந்ததும், கருத்து எழுத 30 நாள் கிடைக்கும். கொள்கை பிழை என்று பத்துக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட, அந்த 30 நாளுக்குள் நாலு பக்கம் ஒழுங்காக எழுதிக் கொடுப்பது கூடுதல் பலன் தரும். ஏனென்றால் வந்து சேரும் கருத்துகளுக்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

முதலில், திட்டம் எந்த வரம்புக்குள் வருகிறது என்று பாருங்கள். அனுமதிக்கு முன் சுற்றாடல் அறிக்கை தேவைப்படும் திட்டங்களின் பட்டியல் 1993 ஜூன் 24 இல் வெளியான 772/22 ஆம் இலக்க வர்த்தமானியில் இருக்கிறது. நமது மாவட்டத்தில் அடிக்கடி தேவைப்படுபவை இவை: 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்பு, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புதல், 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுதல், 99 அறைக்கு மேற்பட்ட விடுதி, மீன்பிடித் துறைமுகம், 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட மேற்பரப்புச் சுரங்கம். 4 ஹெக்டேயர் என்றால் ஏறத்தாழ 10 ஏக்கர். பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் 3.5 ஹெக்டேயர் படி இரண்டு இறால் பண்ணைக்கு விண்ணப்பம் வந்தால், இரண்டையும் ஒரே திட்டமாகக் கணக்கெடுக்கும்படி கேளுங்கள். வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தித் துண்டு போடுவதுதான் எங்கும் நடக்கும் முதல் தந்திரம்.

பருமன் சிறிது என்று உடனே விட்டுவிடவும் வேண்டாம். தேசியப் பூங்கா போன்ற தேசிய ஒதுக்கு ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள், அதாவது 1.6 கிலோமீற்றருக்குள், எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதி தேவை. புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அது நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. ஆகவே அதற்கு நேர் எதிரே 40 அறை விடுதி கட்டுவதாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

அடுத்தது, யாரிடம் கொடுப்பது என்பது. உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயம். திட்டம் முழுவதும் அதற்குள் அடங்கினால், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களம்தான் பார்க்கும். மற்றவற்றை மத்திய சுற்றாடல் அதிகார சபை, அல்லது அறிவித்தலில் பெயர் சொல்லப்பட்ட திட்ட அங்கீகார முகவர் நிறுவனம் பார்க்கும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மட்டும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு இருந்தால், அது கணக்கில் சேராமலே போகலாம். கச்சேரிக்குப் பிரதி அனுப்புங்கள், மூலக் கடிதம் அறிவித்தலில் உள்ள முகவரிக்கே போக வேண்டும்.

அறிவித்தலில் வேலை நாள் என்று போட்டிருந்தாலும் நாட்காட்டி நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலுக்கு ஐந்து நாள் கழித்தால் கையில் இருப்பது 25. அதில் முதல் மூன்று நாள் அறிக்கையைக் கையில் எடுப்பதற்குப் போகும். பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ வைத்திருப்பார்கள். தமிழ்ப் பிரதி இருந்தாலும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் அட்டவணைகளும் பின்னிணைப்புகளும் விடுபடுவது உண்டு, எண்கள் இருப்பதோ அவற்றில்தான். இன்னொன்று, ‘ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை’ என்ற சிறிய அறிக்கைக்கு இப்படிக் கட்டாய அறிவித்தல் கிடையாது. அந்த வகை வேலை நடப்பதாகத் தெரிந்தால், நீங்களே போய்க் கேட்டுப் பார்வையிட வேண்டும்.

அறிக்கையை முன்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டாம். சுருக்கத்தில் எல்லாம் நல்லதாகத்தான் இருக்கும். முதலில் மாற்று வழிகள் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். குறைந்த தீங்குள்ள மாற்று வழிகள் என்ன, அவை ஏன் தள்ளப்பட்டன என்று காரணத்தோடு அறிக்கை சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் ‘திட்டம் வேண்டாம்’ என்ற ஒன்றை மாத்திரம் மாற்றாக எழுதி, அதை இரண்டு வரியில் தள்ளிவிடும். மாற்று வழி என்பது வெற்றுப் பேச்சல்ல. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட 2011 இல் கம்பனி அமைத்தார்கள், 2016 இல் திட்டம் கைவிடப்பட்டது, இப்போது அதே சம்பூருக்குச் சூரிய மின்சக்தித் திட்டம் வந்திருக்கிறது.

பிறகு அளவீடுகளைப் பாருங்கள். எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை இடத்தில் அளந்தார்கள்? தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் கொட்டியாரக் குடாவைப் பார்த்தவருக்கு வாடைக்கால வெள்ளத்தில் மகாவலி இறங்கும்போது அது எப்படி இருக்கும் என்று தெரியாது. கழிவுநீர் எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் உயிரியல் ஒட்சிசன் தேவை (நீரில் உள்ள அழுக்கின் அளவைக் காட்டும் எண்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரையோரக் கடலுக்குள் விட்டால் 100 வரை போகலாம். குழாயை ஆற்றிலிருந்து கடலுக்குத் திருப்பினாலே சுத்திகரிப்புச் செலவு குறைகிறது. அந்த இலாபத்துக்கான விலையைக் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைப் பாடு கொடுக்கிறது.

எண்களை ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள், அப்போதுதான் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடிபடும். மணல் அகழ்வு அறிக்கை கன மீற்றரில் பேசும், நாம் கியூப்பில் பேசுகிறோம். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஒரு ஹெக்டேயரை ஒரு மீற்றர் ஆழத்துக்குத் தோண்டினால் 10,000 கன மீற்றர், ஏறத்தாழ 3,530 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பருக்கு அது கிட்டத்தட்ட 1,180 நடை. அறிக்கை ‘நாளுக்குப் பத்து நடை, ஒரு மாத வேலை’ என்று சொன்னால், 300 நடைதான் வருகிறது. மிச்சம் எங்கே என்று கேளுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு கருத்துக்கும் இலக்கம் போடுங்கள். ஒன்றில் ஒரே ஒரு விடயம். பக்கம், குறை, காரணம், வேண்டுவது என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

“கருத்து 3. பக்கம் 84, இரண்டாம் பந்தி. நீரோட்டம் ஆவணியில் ஏழு நாள் மட்டும் அளக்கப்பட்டுள்ளது. வாடைக்காலத்தில் மகாவலி நீர் குடாவுக்குள் வரும்போது ஓட்டமும் கலங்கலும் மாறும். மார்கழி, தை மாதங்களிலும் அளந்து, கழிவுநீர் பரவும் வரைபடத்தைத் திருத்த வேண்டும். அதுவரை வெளியேற்றுக் குழாயின் இடத்துக்கு அனுமதி வழங்கக் கூடாது.”

‘கடல் நாசமாகும், நிறுத்துங்கள்’ என்று எழுதினால் ‘தணிப்பு நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒரு வரியோடு பதில் முடிந்துவிடும். மேலே உள்ளதற்கு அப்படித் தப்ப முடியாது. திட்டமே வேண்டாம் என்பது உங்கள் நிலைப்பாடானால் அதையும் எழுதுங்கள், ஆனால் ‘வழங்குவதாயின் இந்த நிபந்தனைகளோடு’ என்று தனிப் பகுதியும் சேருங்கள். அனுமதி வரும்போது நிபந்தனைகளோடுதான் வரும், அதில் உங்கள் வரி இருக்க வேண்டும். ஒரே கடிதத்தில் 500 கையெழுத்து வைத்தால் அது ஒரு கருத்தாகத்தான் தொகுக்கப்படும். சங்கம் ஒன்று, கரைவலைப் பாட்டுக்காரர் ஒன்று, வயல்காரர் ஒன்று என்று வேறு வேறு சான்றோடு ஐந்து கடிதம் போவது நல்லது.

சான்றுக்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. திகதி, எத்தனை வலை வளைத்தது, எத்தனை கிலோ, கரையிலுள்ள மீன் வாடியில் என்ன விலை என்று எழுதிய ஒரு சி.ஆர். கொப்பி போதும். தொலைபேசியில் இருப்பிடம் பதியும்படி எடுத்த படங்களையும் இணையுங்கள்.

ஏற்றுமதியையும் ஒரு பந்தியில் தொடுங்கள். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குப் போட்ட தடை 2016 இல்தான் நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் நமது ஏற்றுமதிக்குத் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை தங்கியிருக்கும் 27 சர்வதேச உடன்படிக்கைகளில் உயிர்ப் பல்வகைமையும் காலநிலையும் உண்டு. கடலைப் பேணுவது வியாபாரத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்று வாதிடும் அதிகாரிக்கு இது நேரடியான பதில்.

நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபால் என்றால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மாதம் கழித்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்றைக் கேளுங்கள்: உங்கள் கருத்துக்குத் திட்டக்காரர் தந்த பதில், முடிவுக் கடிதம், அதன் நிபந்தனைகள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நிபந்தனைகள் கையில் கிடைத்ததும் போட்டோக் கொப்பி எடுத்து வாடியிலும் சங்கக் கட்டடத்திலும் ஒட்டுங்கள். குழாய் போட வருபவர் எத்தனை மீற்றர் தள்ளிப் போட வேண்டும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.