கம்பி கேம்பேடைப் பொருத்துவதும் பல ஆண்டுகள் உழைக்க வைப்பதும்

கம்பியுள்ள கேம்பேடில், அதாவது கேபிள் வழியே கணினியோடு இணையும் விளையாட்டுக் கைக்கருவியில், சார்ஜ் தீரும் கவலையும் புளூடூத் இணைப்பு அறுபடும் தொல்லையும் கிடையாது. நெடுநாள் பயன்பாட்டில் முதலில் பழுதாவன பெரும்பாலும் கட்டைவிரலால் சாய்த்து இயக்கும் ஸ்டிக்கின் உள்ளுறுப்பும், கேபிள் கேம்பேடுக்குள் நுழையும் இடமும்தான்.

முதலில், வாங்கவிருக்கும் கேம்பேட் எக்ஸ்இன்புட் முறையில் (கேம்பேடின் அசைவுகளை விண்டோஸ் விளையாட்டுகளுக்குத் தெரிவிக்கும் முறை) இயங்குமா என்று பாருங்கள். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடை ஒட்டி வந்த இம்முறையையே இன்றைய விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை எதிர்பார்க்கின்றன. அதற்கு முந்தைய டைரக்ட்இன்புட் முறை மட்டும் உள்ள மலிவான கேம்பேடில் ஒவ்வொரு பொத்தானையும் நாமே ஒதுக்க வேண்டியிருக்கலாம். லாஜிடெக் எஃப்310 போன்றவற்றில் எக்ஸ், டி என்னும் இரு நிலைகளுக்கும் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அதை எக்ஸில் வையுங்கள்.

அடுத்து, கேம்பேடைக் கணினியின் பின்பக்க யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள். கேபிள் கழற்றத்தக்கதாக இருந்து கணினி எதையும் கண்டுகொள்ளாவிட்டால், கையிலிருப்பது சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிளா என்று வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

பிறகு சோதனை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி, வரும் பட்டியலில் கேம்பேடின் பண்புகளைத் திறந்தால் சோதனைச் சாளரம் வரும். ஸ்டிக்கை மெல்லச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். கட்டத்திலுள்ள சிறு சிலுவைக்குறி நடுவில் வந்து நிற்க வேண்டும். எக்ஸ்இன்புட் கேம்பேடில் முன்விளிம்பில் சுட்டுவிரலால் அழுத்தும் இரண்டு டிரிகர்களையும் ஒன்றாக அழுத்தினால் இச்சாளரத்தில் அவை ஒன்றையொன்று சமன்செய்து, எதுவும் அழுத்தப்படாததுபோல் தோன்றும். அது பழுதன்று, இரண்டையும் ஒரே அச்சாகக் காட்டுவது இச்சாளரத்தின் இயல்பு.

சிலுவைக்குறி நடுவை விட்டு ஒதுங்கி நின்றால், அல்லது விளையாட்டில் பாத்திரம் தானாகவே நடந்தால், அதுதான் டிரிஃப்ட். வழக்கமான ஸ்டிக்கில் ஒரு தொடுமுனை கார்பன் தடத்தின்மேல் உரசியே நிலையைச் சொல்வதால், தேய்மானமும் தூசியும் சேர்ந்து நாளடைவில் இக்கோளாற்றை உண்டாக்கும். அப்போது விளையாட்டின் அமைப்பில் டெட்ஸோனை, அதாவது நடுவைச் சுற்றி ஸ்டிக்கின் அசைவு கணக்கில் வராத பகுதியை, 5 சதவீதத்திலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, அசைவு நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் நிரலர்களுக்கு வரையறுத்துத் தந்த இடது ஸ்டிக்கின் டெட்ஸோனே முழு அசைவளவான 32,767இல் 7,849, அதாவது ஏறத்தாழ 24 சதவீதம் என்பதால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் விளையாட்டுகளில் சிறு டிரிஃப்ட் வெளியே தெரிவதேயில்லை. ஸ்டீம் என்னும் விளையாட்டுச் செயலியிலும் விளையாட்டிலும் ஒருசேர டெட்ஸோனைக் கூட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் நுணுக்கமாகக் குறிபார்ப்பது இயலாமற்போகும்.

கேபிளைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: விளையாடி முடித்ததும் கேம்பேடைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். நுழைவிடத்தில் கேபிளை மடங்கவிடாமல் தளர்வான வளையமாகச் சுருட்டி வைத்தால், உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகள் எளிதில் அறாது. கேபிளை அசைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வருவது அவை அறுபடத் தொடங்கியதன் அடையாளம்.

டெட்ஸோனைக் கூட்டியும் பயனில்லை என்றால், சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து ஸ்டிக்கின் உள்ளுறுப்பை மட்டும் மாற்றலாம். புதிதாகவே வாங்குவதானால் ஹால் உணரி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்: அது காந்தப்புலத்தைக் கொண்டு நிலையை அறிவதால் உரசித் தேய அங்கே தடமே இல்லை, ஆயினும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்வதை அது தடுக்காது.