சர்க்கரையைக் குறைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சர்க்கரையைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது காபி, டீயில்தான். இரண்டு ஸ்பூன் ஒன்றாகும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். நல்ல காரியம். ஆனால் சில மாதங்கள் கழித்தும் எடை இறங்கவில்லை என்றால், "நமக்கு மன உறுதி போதாது" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். மன உறுதியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையால் அள்ளிப் போடும் சர்க்கரையை நிறுத்திவிட்டு, யாரோ ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் சர்க்கரையைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

முதலில் அளவு தெரிய வேண்டும். ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம். 5 சதவீதம் 25 கிராம். ஒரு டீஸ்பூனுக்கு சுமார் 4 கிராம் என்றால், ஆறு ஸ்பூன்தான். தொழிற்சாலையில் சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப், பழச்சாறு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாகவே இருக்கும் சர்க்கரை இதில் சேராது.

பலரும் கோட்டை விடும் இடம் பானங்கள். 330 மில்லி கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. அந்த ஒரே கேனில் 25 கிராம் வரம்பு தாண்டிவிடும். குடிக்கும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை. அதே அளவு கலோரியைக் கடித்துச் சாப்பிட்டால் அடுத்த வேளை கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவோம்; குடித்தால் வழக்கம்போலத்தான் சாப்பிடுவோம். எடை குறைய வேண்டும் என்பவர்கள் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், இனிப்புப் பானங்களைத்தான் நிறுத்தச் சொல்வேன்.

அந்த இடத்துக்குப் பழச்சாற்றைக் கொண்டுவருவது அடுத்த தவறு. சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலும் 100 மில்லிக்கு ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை உண்டு. மூன்று ஆரஞ்சை உரித்து, மென்று சாப்பிட நேரம் பிடிக்கும், பாதியிலேயே போதும் என்று தோன்றிவிடும். அதையே பிழிந்தால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும், நார்ச்சத்தோ சக்கையோடு போய்விடும். இதற்கு நேர்மாறாக, இனிப்பாக இருக்கிறதே என்று பழத்தையே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது தேவையில்லாத தண்டனை. பழம் தின்று பருமனானவர்கள் அபூர்வம்.

தேனும் பழுப்புச் சர்க்கரையும் "இயற்கையானது" என்ற பெயரில் சமையலறைக்குள் வந்துவிடுகின்றன. தேனில் 80 சதவீதம் சர்க்கரைதான். பழுப்புச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ருசிக்காக ஒரு ஸ்பூன் தேன் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் அதையும் சர்க்கரைக் கணக்கில் எழுத வேண்டும்.

இனி பாக்கெட் உணவு. இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். முன்பக்கத்தில் "கொழுப்பு நீக்கியது", "முழுதானியம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வைத்துவிடாமல் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரை நான்காவதாகத்தானே இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். அதே பட்டியலில் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் சிரப், பழச்சாறு அடர்கரைசல் என்று தனித்தனியாக வந்தால் எல்லாமே சர்க்கரைதான். ஒன்றாகக் கூட்டினால் முதலிடத்துக்கே வந்துவிடலாம். கொழுப்பை எடுத்த, பழச்சுவை சேர்த்த தயிரில் போன ருசியை ஈடுகட்டுவது பெரும்பாலும் சர்க்கரைதான்.

அடுத்து ஊட்டச்சத்து அட்டவணை. "ஒரு பரிமாறலுக்கு" என்ற பத்தியில் எண்கள் சின்னதாக, சாதுவாக இருக்கும். காலை உணவு சீரியலில் அந்தப் பரிமாறல் பெரும்பாலும் 30 கிராம்தான். கிண்ணத்தில் கொட்டிப் பார்த்தால் அடியை மூடும் அளவே வரும். அதனால் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பிரிட்டனில் 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதிகம், 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு என்று பிரிக்கிறார்கள். எங்கிருந்தாலும் இந்த அளவுகோல் உதவும்.

"சர்க்கரை இல்லாத" பிஸ்கட்டிலும் மாவும் கொழுப்பும் அப்படியேதான் இருக்கின்றன. தைரியமாக இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டால் லாபம் ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. சர்க்கரையைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 0.8 கிலோ எடை குறைந்தது. ஆனால் அந்தக் கலோரியை வேறு மாவுச்சத்தால் நிரப்பிய இடங்களில் எடையில் மாற்றம் இல்லை. சர்க்கரையை நிறுத்தினேன், எடை குறையவில்லை என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது விட்ட இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான்.

செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைப்புக்கு வழியாக நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் பலன் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. மற்றவர்கள் நாக்கின் பழக்கத்தையே மெல்லக் குறைப்பது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் வார இறுதியில் சேர்த்துவைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒன்றரை ஸ்பூன் பழகிய பின் ஒன்று, அது பழகிய பின் அரை என்று இறங்கினால் பழைய அளவே பிறகு திகட்டும். பட்டினி கிடப்பதும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் இனிப்பு ஆசையைக் கிளப்பிவிடும், இரண்டையும் தவிருங்கள்.

கடைசியாகச் சொல்வது, சரியாகச் செய்யாவிட்டால் உடனே ஆபத்தில் முடியக்கூடியது. இன்சுலின் போடுகிறவர்களும், ரத்தச் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வெட்டக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குத்தான் ஒத்துப்போகும்; சாப்பாடு குறைந்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், "சர்க்கரையை விட்டுவிட்டேனே" என்று தயங்காமல் 15 கிராம் குளுக்கோஸோ அரை கப் பழச்சாறோ உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.